மஞ்சளாகாத ஏழு

ஏழாம் கூண்டில் எலி இல்லை.

ஆக்னல் கண்ணாடியைக் கழற்றி, ஸ்வெட்டர் நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். அப்போதும் இல்லை. மரத்தூளைக் கிளறினார். தண்ணீர்ப் புட்டியைத் தூக்கிப் பார்த்தார். புட்டிக்குள் எலி போகாது என்று அவருக்கும் தெரியும், ஆனாலும் பார்த்தார். கூண்டுக் கொக்கி மாட்டியபடியே இருந்தது. தீனி போட்டது போட்டபடி கிடந்தது. எலி மட்டும்தான் இல்லை.

"சேசு மரி சூசை!" என்று ஒரே மூச்சில் மூன்று பேரையும் துணைக்குக் கூப்பிட்டுவிட்டு ஆக்னல் தரையில் உட்கார்ந்தார்.

ஊரில் எலிக்கா பஞ்சம், ஒன்று போனால் போகட்டுமே என்று நீங்கள் சொல்லலாம். தயவுசெய்து சொல்லாதீர்கள். இது நம் வீட்டு அரிசி மூட்டையில் ஓட்டை போடுகிற ஜாதி இல்லை. கொடைக்கானல் ஏரிக்கு மேலே, பைன் மரங்களுக்கு நடுவே இருக்கிற அந்தச் சின்ன ஆராய்ச்சி நிலையத்தில் மொத்தமே பன்னிரண்டு எலிகள். பன்னிரண்டும் பெண். பன்னிரண்டும் லவங்கப்பட்டை நிறம். பன்னிரண்டுக்கும் பிறவியிலேயே கல்லீரலில் ஒரு கோளாறு.

நாம் சாப்பிடுகிற சோற்றிலும் பருப்பிலும் துளித்துளியாகத் தாமிரம் இருக்கிறது. நம் கல்லீரல் வேண்டியதை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே தள்ளிவிடும். இந்த எலிகளின் கல்லீரலுக்குத் தள்ளத் தெரியாது. சேர்த்து வைக்கும், சேர்த்து வைக்கும், நாலு மாதத்தில் காதும் பாதமும் மஞ்சளாகி எலி சுருண்டு படுத்துவிடும். பரம்பரையாக மனிதர்களுக்கும் இதே போல ஒரு நோய் வருவதுண்டு. நிலையத்தை நடத்துகிற டாக்டர் ஹெப்சிபாவின் தம்பிக்கே உண்டு. அந்தத் தம்பி மதுரையில் மாத்திரையும் கையுமாக ஆபீஸ் போய் வருகிறார். தம்பிக்கு இதைவிட நல்ல மருந்து ஒன்று கண்டுபிடித்தே தீருவது என்று அந்தம்மா ஐந்து வருடமாக இந்த மலையில் குளிரில் கிடக்கிறார்.

கண்டுபிடித்தும் விட்டார். ஒன்றாம் எலியிலிருந்து ஆறாம் எலி வரை மருந்து. ஏழிலிருந்து பன்னிரண்டு வரை வெறும் தீனி. மருந்து தின்ற ஆறும் துள்ளி விளையாடின. தின்னாத ஆறில் ஐந்து, பாவம், மஞ்சளாகிப் படுத்தன. எல்லாம் கணக்காக நடந்தது. ஏழு மட்டும் கெடுத்தது. மருந்தும் கிடையாது, மண்ணும் கிடையாது, குத்துக்கல்லாட்டம் இருந்தது.

"மருந்தே தின்னாமல் ஒரு எலி பிழைக்கிறது என்றால், மற்ற ஆறும் மருந்தால்தான் பிழைத்தன என்று எப்படி நம்புவது?" என்று சென்னையிலிருந்து மேற்பார்வைக் குழு கடிதம் போட்டது. புதன்கிழமை நேரில் வந்து, ஏழாம் எலியின் ரத்தத்தை எடுத்துப்போய் மரபணுவைச் சோதிக்கப் போகிறார்களாம். குழுவுக்குத் திருப்தி இல்லையென்றால் ஆய்வுக்கு மங்களம். ஆய்வு போனால் எலி அறை போகும். எலி அறை போனால், பதினோரு வருடமாகத் தற்காலிக ஊழியராகவே இருக்கும் ஆக்னலும் போவார். ஆய்வு தேறிவிட்டால் அவர் வேலை நிரந்தரம். அந்த ஆர்டர் டாக்டரம்மாவின் மேஜை இழுப்பறையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

ஆக்னலுக்கு இதில் தனியாக ஓர் உறுத்தலும் உண்டு. போன மாதம் மூன்று நாள் லீவு போட்டு, வேலை நிரந்தரமாக வேண்டும் என்று வேளாங்கண்ணிக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தார். கோயிலில் வாங்கிய எண்ணெயில் ஒரு சொட்டை ஏழாம் எலியின் நெற்றியில் தடவினார். அவர் கிளம்பும்போது இருந்ததிலேயே நோஞ்சான் அதுதான். மனசு கேட்கவில்லை, தடவிவிட்டார். அன்று பிடித்த திடகாத்திரம்தான் ஏழுக்கு. மாதா தன் வேலையை முடித்துவிட்டாள், அது டாக்டரம்மா வேலையில் மண்ணைப் போட்டுவிட்டது என்று ஆக்னல் மனதார நம்பினார். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

இப்போது அந்த ஏழும் இல்லை.

எலி அறையைக் கூட்டித் துடைக்கிற கித்தேரியம்மாளைக் கேட்கலாம் என்று போன் அடித்தார். சனிக்கிழமை கடைசியாக வேலை பார்த்தது அவள்தான். தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தாள். பள்ளங்கி ஊர்க்காரி, தங்கை மகள் கல்யாணத்துக்கு அடுக்கம் கிராமத்துக்குப் போயிருக்கிறாள். திங்கட்கிழமை வெள்ளனே வந்துவிடுவேன் என்றவளைக் காணோம்.

தீனி மூட்டைகளுக்குப் பின்னால், அடுப்புக்கு அடியில், டாக்டரம்மாவின் அறைச் செருப்புக்குள், எல்லா இடத்திலும் தேடினார். செருப்பைத் தலைகீழாக உதறிக்கொண்டிருந்தபோது டாக்டரம்மாவே வந்துவிட்டார்.

"என்னண்ணே, என் செருப்பை என்ன பண்றீங்க?"

"தூசி மேடம்."

"ஏழு எப்படி இருக்கு?"

"தூங்குது மேடம்." ஏழாம் கூண்டில் மரத்தூளை மேடாகக் குவித்து வைத்திருந்தார். "நல்லா போத்திக்கிட்டுத் தூங்குது."

"தூங்கட்டும். பன்னெண்டு மணிக்கு எடை போடலாம். முடி வேற வெளுத்துக்கிட்டே வருது பாத்தீங்கல்ல? உடம்புல தாமிரம் கொறைஞ்சா முடி நிறம் மாறும்ணே. இது எப்படியோ தாமிரத்தை வெளியே தள்ளுது. இதைப் பத்தி மட்டுமே ரெண்டு பக்கம் எழுதியிருக்கேன்."

ஆக்னல் தாடையைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், பல்லு வலி தாங்க முடியல. பஜாருக்குப் போயிட்டு வெரசா வந்துர்றேன்."

பஷீர் அகமதுவின் கடையில் முன்பக்கம் தைலம், சாக்லேட், மருதாணி, பின்பக்கம் லவ் பேர்ட்ஸ், முயல், எலி. சீசனுக்கு வருகிறவர்கள் முன்பக்கம் வாங்குவார்கள். ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்கள் பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டப் பின்பக்கம் வாங்குவார்கள்.

"பாய், பழுப்பு நிறத்துல எலி இருக்கா?"

"வெள்ளைதான் தம்பி இருக்கு. ரெண்டே ரெண்டு. இந்தப் பொட்டையைப் பாருங்க, கொழுகொழுன்னு எப்படி இருக்கு!"

வெள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆக்னல் நிமிர்ந்து பஷீர் பாயைப் பார்த்தார். பார்த்தபடியே நின்றுவிட்டார். பாயின் தாடி. அசல் லவங்கப்பட்டை நிறம். ஏழாம் எலியைத் தாடையில் ஒட்டவைத்தது போலவே இருந்தது.

"என்ன தம்பி, என் தாடியவே பாக்குறீங்க?"

"தாடிக்கு என்ன போடுறீங்க பாய்?"

பஷீர் பாய் அலமாரியிலிருந்து மருதாணிப் பொட்டலம் ஒன்றை எடுத்து எலிக்கூண்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"எலிக்கு அரைப் பொட்டலம் தாராளமாப் பத்தும். வெந்நியில கொழைங்க. பச்சத்தண்ணியில போட்டா இந்தக் குளிருக்குச் சளி பிடிச்சுக்கும்."

ஆக்னலுக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு பெரிய மனசு! "எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கலையே பாய் நீங்க?"

"முப்பது வருசமா இந்த ஊர்ல கடை வெச்சிருக்கேன் தம்பி. இங்க வர்றவங்க என்னென்னத்தையோ கேப்பாங்க. கேள்வி கேக்குறத நான் எப்பவோ விட்டுட்டேன்."

எலி அறையை ஒட்டிய கழிவறையில் வேலை ஆரம்பமானது. வெந்நீர் போட்டு, மருதாணி குழைத்து, எலியைக் குளிப்பாட்டி, காது மடல் வரைக்கும் பூசி, துண்டில் சுற்றி, அரை மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கல்யாணப் பெண்ணுக்குக்கூட யாரும் இவ்வளவு சிரத்தையாகப் போட்டிருக்க மாட்டார்கள். எலியும் சமர்த்தாக ஒத்துழைத்தது. அலசிப் பார்த்தால் பழுப்பு இல்லை, கேரட் நிறம்!

ஓடிப்போய் பிளாஸ்க்கில் இருந்த டீயை ஊற்றி இன்னொரு முறை முக்கினார். பால் போட்ட டீ என்பது அப்புறம்தான் உறைத்தது. மறுபடி அலசி, பால் இல்லாத கட்டன் டீ போட்டு, அதில் ஒரு முறை. கடைசியில் நிறம் வந்தது. ஆனால் எலி காயவில்லை. வெளியே ஒரே மூடுபனி. கொடைக்கானலில் துவைத்த துணியே மூன்று நாளைக்குக் காயாது, இதில் எலி எங்கே காயும்? ஸ்வெட்டருக்குள் விட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். நெஞ்சில் ஊர்ந்து ஊர்ந்து, அவரையும் நனைத்து, ஒரு வழியாகக் காய்ந்தது. வாலில் மார்க்கர் பேனாவால் ஏழு என்று எழுதிக் கூண்டில் விட்டபோது மணி பதினொன்று ஐம்பத்தைந்து.

அப்பாடா என்று கையைப் பார்த்தார். பத்து விரலும் சிவந்திருந்தன. தேய்த்தார், சோப்புப் போட்டார், சுண்ணாம்பு வைத்தார். இன்னும் நன்றாகச் சிவந்தன.

"என்னண்ணே, இன்னைக்குப் புதுசாக் கையுறையெல்லாம் மாட்டியிருக்கீங்க?" என்றார் டாக்டரம்மா, தராசை எடுத்துக்கொண்டே.

"பல்லு வலி மேடம்."

"பல்லு வலிக்குக் கையுறையா?"

"டாக்டர் குளிர்ல கைய வைக்கக் கூடாதுன்னுட்டாரு."

நல்லவேளை, அவர் கவனம் எலிமேல் போய்விட்டது.

"அட! நிறம் திரும்பி வந்துருச்சே! வெள்ளிக்கிழமை வெளுத்துப் போய்க் கெடந்துச்சே!" என்று எலியைத் தூக்கித் தராசில் வைத்தவர் அப்படியே நின்றார். "அண்ணே, இதென்ன, அறுபது கிராம் கூடியிருக்கு?"

"ஞாயித்துக்கிழமை கொஞ்சம் நல்லா சாப்ட்டுச்சு மேடம்."

டாக்டரம்மா எலியின் வயிற்றை இரண்டு விரலால் மெல்ல அமுக்கினார். அவர் முகம் மாறியது. கல்லீரல் கெட்டால் முதலில் வயிற்றில் நீர் கட்டும். இது ஆக்னலுக்கும் தெரிந்த விஷயம்தான்.

"நீர் கட்டியிருக்கு. தாமிரம் திரும்பச் சேர்ந்ததாலதான் நிறமும் திரும்பியிருக்கு. அண்ணே, ஏழுக்கும் நோய் வந்துருச்சுண்ணே!"

சொல்லிவிட்டு அந்தம்மா சிரித்தார். உடனே, ஒரு ஜீவனுக்கு நோய் வந்ததற்குப் போய்ச் சிரிக்கிறோமே என்று வெட்கப்பட்டு எலியின் தலையைத் தடவிக்கொடுத்தார். பிறகு வராந்தாவுக்குப் போய்ச் சென்னைக்குப் போன் போட்டார். "சார், லேட்டாதான் வந்திருக்கு, ஆனா வந்துருச்சு! நீங்களே வந்து பாருங்க சார்!" என்கிற குரல் ஏரி வரைக்கும் கேட்டிருக்கும்.

ஐந்து வருடத்தில் அந்தம்மா இப்படிச் சந்தோஷப்பட்டு ஆக்னல் பார்த்ததில்லை. கடையில் வாங்கிய எலிக்கு இரண்டு மணி நேரத்தில் பரம்பரை நோய் எப்படி வரும்?

செவ்வாய்க்கிழமை காலையில் அதற்கு விடை தெரிந்தது. ஏழு தன் கூண்டிலிருந்த மரத்தூளையெல்லாம் வாயால் கவ்விக் கவ்வி ஒரு மூலையில் கூடு கட்டிக்கொண்டிருந்தது. வயிறு தரையைத் தொட்டது. ஆக்னல் அதைத் திருப்பிப் பார்த்தார். பதினோரு வருடத்தில் எலிப் பிரசவம் எதையும் அவர் பார்த்ததில்லை. இங்கே எலிகள் வளர்ந்துதான் வரும். ஆனால் மூன்று பிள்ளை பெற்ற வீட்டில் இருப்பவருக்கு இதைக்கூடவா சொல்லித் தர வேண்டும்?

"அடப்பாவி மகளே, நெறமாசமா நீ?"

மறுபடி பல்வலி, மறுபடி பஜார்.

"பாய், வேற எலி குடுங்க. சும்மா இருக்கிற எலியாக் குடுங்க."

"மிச்சம் இருக்கிறது ஒண்ணுதான் தம்பி. அது அதோட வீட்டுக்காரரு."

வீட்டுக்காரரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பன்னிரண்டும் பெண் எலிகள்.

"வேற எங்கயாச்சும் கெடைக்குமா பாய்?"

"வத்தலக்குண்டுல கெடைக்கும். போயிட்டு வரப் பொழுது சாஞ்சிரும். மருதாணி வேணுமா?"

"வேண்டாம் பாய்."

திரும்பி நடக்கும்போதே ஆக்னல் முடிவு கட்டிவிட்டார். உண்மையைச் சொல்லிவிடுவது. வேலை போனால் போகிறது, மனைவி பிரின்ஸியும் பிள்ளைகளும் திட்டினால் திட்டட்டும். தெரிந்தே ஒரு நல்ல மனுஷியைக் குழியில் தள்ளக் கூடாது. நேராக டாக்டரம்மா அறைக்குப் போய் நின்றார்.

"மேடம், ஒரு விசயம்..."

"நானே உங்களைக் கூப்பிட இருந்தேன். உட்காருங்க." டாக்டரம்மா இழுப்பறையிலிருந்து அந்த ஆர்டரை எடுத்து மேஜைமேல் வைத்தார். "நாளைக்குச் சாயங்காலம் குழு கெளம்பினதும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துர்றேன். தம்பிக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டேன்ணே. ரொம்ப நாளைக்கு அப்புறம் அவன் சிரிச்சான். சரி, நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே?"

ஆக்னல் மேஜைமேல் கிடந்த ஆர்டரைப் பார்த்தார்.

"பல்லு... பரவாயில்ல மேடம்."

இதற்குப் பெயர் கோழைத்தனம் என்று அவருக்கே தெரிந்தது. வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. பிரின்ஸி கையுறையைக் கழற்றிவிட்டுச் சாப்பிடச் சொன்னாள். அப்போதும் பல்வலி என்றார்.

புதன்கிழமை காலை குழு வந்து சேர்ந்தது. குழு என்றால் பேராசிரியர் பரமானந்தம், அவருக்குப் பின்னால் பெட்டி தூக்க ஓர் ஆள். பேராசிரியர் வத்தலக்குண்டிலிருந்து ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒரு தடவை வாந்தி எடுத்துக்கொண்டே மலை ஏறியிருந்தார். குல்லாவைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டு, உலகத்தின் மேலேயே கோபமாக இருந்தார்.

"எங்கம்மா உங்க ஏழு? வயித்துல நீர்க்கட்டுன்னு போன்ல குதிச்சீங்களே, காட்டுங்க. ரத்தத்தை எடுத்துக்கிட்டு நான் கெளம்பணும். இந்தக் குளிர்ல மனுசன் இருப்பானா?"

"வாங்க சார்" என்று டாக்டரம்மா பெருமையாக முன்னால் நடந்தார். ஆக்னல் பின்னால் ஜெபமாலையைப் பாக்கெட்டுக்குள்ளேயே உருட்டிக்கொண்டு போனார். இன்னும் ஒரே ஒரு மணி நேரம் தாங்கம்மா என்று மாதாவைக் கேட்டாரா, எலியைக் கேட்டாரா என்று அவருக்கே தெரியாது.

பேராசிரியர் கூண்டுக்குள் குனிந்து பார்த்தார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"டாக்டர் ஹெப்சிபா."

"சார்?"

"உங்க நீர்க்கட்டு ஒன்பது பேரா வெளியில வந்து பால் குடிக்குது."

டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். கூட்டுக்குள் ரோஜா நிறத்தில் ஒன்பது குட்டிகள், விரல் நுனி அளவில், நெளிந்துகொண்டிருந்தன. ஏழு, பெற்றவளுக்கே உரிய மிடுக்கோடு, தலையைத் தூக்கிப் பேராசிரியரைப் பார்த்தது.

"சார், இந்த ரூம்ல ஆண் எலியே கெடையாது சார்! நாலு மாசமாத் தனித்தனிக் கூண்டு சார்!"

"அப்ப இது என்னம்மா? அற்புதமா?"

அற்புதம் என்ற சொல் காதில் விழுந்ததும் ஆக்னல் சிலுவை போட்டுக்கொண்டார். டாக்டரம்மா மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு அவர் கையுறையைப் பார்த்தார்.

"அண்ணே. கையுறையைக் கழட்டுங்க."

"மேடம், பல்லு..."

"கழட்டுங்கண்ணே."

கழற்றினார். பத்து விரலும் கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட வாய்க்காத சிவப்பு. பேராசிரியர் பெட்டியிலிருந்து பஞ்சை எடுத்து நனைத்து எலியின் முதுகில் தேய்த்தார். பஞ்சு சிவந்தது. மோந்து பார்த்தார்.

"மருதாணி" என்றார். இன்னொரு முறை மோந்தார். "டீயும் இருக்கு."

அதற்கு மேல் ஆக்னல் எதையும் மறைக்கவில்லை. திங்கட்கிழமை கூண்டு காலியாகக் கிடந்தது, பஷீர் பாய் கடை, வெந்நீர், ஸ்வெட்டர், நிறைமாதம், வீட்டுக்காரரு, எல்லாவற்றையும் கொட்டினார். கொட்டுகிறபோது கொட்டிவிடுவோம் என்று வேளாங்கண்ணி எண்ணெயையும் சேர்த்துக் கொட்டினார்.

"மேடத்துக்கு ஒண்ணுமே தெரியாது சார். எல்லாம் நான் பண்ணது. அசல் ஏழு நல்லாத்தான் இருந்துச்சு, நான் எண்ணெ தடவுனதாலதான் அதுக்கு நோயே வரல. என்னை அனுப்பிருங்க, மேடத்தை விட்ருங்க சார்."

பேராசிரியர் குல்லாவைக் கழற்றினார். கோபத்தில் அவருக்குக் குளிர்கூட விட்டுப்போயிருந்தது.

"எண்ணெயெல்லாம் இருக்கட்டும்யா. கேளுங்க டாக்டர். மருந்தே தின்னாம ஒரு மாசமா ஆரோக்கியமா இருந்த எலி. உங்க ஆய்வையே பொய்யாக்குற ஒரே எலி. அதைச் சோதிக்க நான் வர்றேன்னதும் அது காணாமப் போகுது, அந்த இடத்துல சாயம் பூசின எலி ஒண்ணு உக்காந்திருக்கு. இதை நான் சென்னையில போய் என்னன்னு சொல்றது? வேண்டாத எலியை நீங்களே ஒழிச்சுட்டீங்கன்னுதான் சொல்லுவாங்க. ஆய்வை இன்னையோட நிறுத்திருங்க."

டாக்டரம்மா ஒன்றாம் கூண்டிலிருந்து ஆறாம் கூண்டு வரை ஒரு தடவை பார்த்தார். ஆறு எலிகளும் கம்பியைப் பிடித்துக்கொண்டு துறுதுறுவென்று நின்றன. அந்தம்மாவின் கண் நிறைந்துவிட்டது. ஆக்னலுக்குத் தாங்கவில்லை. முகத்தை மூடிக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் வளையல் சத்தம். பட்டுச்சேலையும், தலை நிறையக் கனகாம்பரமும், கையில் வயர்கூடையுமாக மூச்சு வாங்க வந்து நின்றாள் கித்தேரியம்மாள்.

"எல்லாரும் மன்னிக்கணும்! அடுக்கம் ரோட்டுல மண்ணு சரிஞ்சு ரெண்டு நாளா பஸ்ஸே இல்ல. போனும் எடுக்கல. கல்யாண வீட்லயே கெடந்தேன். இன்னைக்கு வெள்ளனே ஒரு ஜீப்பு கெடச்சுச்சு, ஓடியாரேன்."

சொல்லிக்கொண்டே கூடைமேல் கிடந்த துண்டை மெதுவாக விலக்கினாள். லட்டுப் பொட்டலத்துக்குப் பக்கத்தில், பெரிய துளைகள் போட்ட பிஸ்கட் டப்பா. அதைத் திறந்து, வாலைப் பிடித்துத் தூக்காமல் அடிவயிற்றைத் தாங்கி, பக்குவமாக ஓர் எலியை எடுத்தாள். லவங்கப்பட்டை நிறம். வாலில் ஏழு.

"இந்தா இருக்கு உங்க ஏழாம் நம்பரு. பத்திரமா இருக்கு, லட்டுகூடத் தின்னுச்சு."

ஆக்னல் அழுகையை நிறுத்தினார். பேராசிரியர் எலியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுதான் அசலா? மருந்து தின்னாமப் பொழைச்சது இதுதானா?"

"ஒரு மாசமா இந்தக் கூண்டுல இருந்தது இதுதாங்க. சனிக்கிழமை நான்தான் எடுத்துட்டுப் போனேன்."

"யாரைக் கேட்டு எடுத்துட்டுப் போனீங்கக்கா?" என்றார் டாக்டரம்மா. "எலி அறையை விட்டு ஒரு எலி வெளிய போகக் கூடாதுன்னு தெரியாதா? எதுக்கு எடுத்துட்டுப் போனீங்க?"

கித்தேரியம்மாள் எல்லாருடைய முகத்தையும் பார்த்தாள். ஆக்னலின் பத்து விரலையும் பார்த்தாள். பிறகு, அதே சிவப்பில் இருந்த தன் பத்து விரலையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"ஆக்னல் தம்பி வேளாங்கண்ணி போயிருந்தப்பவே அசல் ஏழு மஞ்சளாகிச் செத்துப்போச்சுங்க மேடம், நீங்க வைவீங்களேன்னு பஷீர் பாய் கடையில வாங்கியாந்து வெச்ச வெள்ளை எலி இது, மாசம் ஒருக்கா மருதாணி போடலைன்னா வெளுத்துப் போகுதே, நான் என்ன செய்ய?"